சுழி போடாத சேதி

‘உ’ என்ற ஒற்றை எழுத்து திரையில் மேலிருந்து கீழாக, பக்கம் பக்கமாக, மஞ்சள் நிறத்தில் தெரிந்ததும் அத்தான் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. “பிள்ளையாரே வந்து வழி காட்டிட்டாரு மாப்ள” என்றார். மதியச் சாப்பாடு முடிந்து ஆபீசில் எல்லாருக்கும் கண் சொக்கிக்கொண்டிருந்த நேரம். பல நாளாக அவரைப் பாடாய்ப் படுத்திய ஒரு சிக்கல் அந்த ஓர் எழுத்தில் அவிழ்ந்துவிட்டது என்று அவர் நம்பினார். நாங்களும் நம்பினோம். கீழே டீக்கடைக்குப் போய் எல்லாருக்கும் டீயும் வடையும் அவர் செலவில் வாங்கி வந்தேன்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். தஞ்சாவூரில் ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியில் இருந்த சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் அவர் புரோகிராமர். அவர் எழுதிக் கொடுப்பதை ஊர் ஊராகக் கொண்டுபோய் ஏற்றிவிட்டு, அங்கே இருப்பவர்களுக்குப் பழக்கிவிட்டு வருவது என் வேலை. அதாவது அவருக்கு மூளை, எனக்கு மோட்டார்பைக். யாரையும் அதட்டிப் பேசத் தெரியாத மனிதர். குழம்பில் உப்பு இல்லையென்றால் சொல்ல மாட்டார். எழுந்துபோய்த் தானே போட்டுக்கொண்டு வந்து உட்காருவார். வாயில் விரலை வைத்தால் கூடக் கடிக்கத் தெரியாது என்று அக்கா அவர் எதிரிலேயே சொல்வாள். அதற்கும் சிரிப்பார். இந்தக் கதையில் நடந்த கேடு எல்லாம் அந்த நல்ல குணத்தில் இருந்துதான் முளைத்தது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

நீடாமங்கலம் தாண்டி, வயல்களுக்கு நடுவே ஓர் அரிசி ஆலை. பெயர் வேண்டாம். நெல் அவிக்க நீராவி வேண்டும், நீராவிக்கு உமி எரிக்கிற பாய்லர் வேண்டும். அந்தப் பாய்லரை இரண்டு பேர் முறை வைத்து ஓட்டினார்கள். ஒருவர் பக்கத்து ஊர்க்காரர், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த நெருப்பின் முன்னால் நின்றவர். அவரைப் பெரியவர் என்போம். இன்னொருவர் அவரைவிட இளையவர், ஆலையில் எல்லாரும் பாய் என்று கூப்பிடுவார்கள். தங்கள் முறையில் என்ன நடந்தது என்பதை இருவரும் பாய்லர் அறையில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் தமிழில் தட்டி வைப்பார்கள். எல்லாம் ஒரே கோப்பு. ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் தொடர்வார். அனுமார் வால் போல அது நீண்டுகொண்டே போனது. ஆலை முதலாளிக்கு அந்த வாலைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு பதிவும் தனித்தனியாக மேனேஜர் போனில் தெரிய வேண்டும்.

அத்தான் முதலில் கட்டம் கட்டமாக ஒரு திரை செய்து கொடுத்தார். நீராவி அழுத்தம் இந்தக் கட்டத்தில், தண்ணீர் மட்டம் அந்தக் கட்டத்தில் என்று. பெரியவர் நாலு நாள் முயன்று பார்த்துவிட்டு, வேர்த்த விரலுக்கு அந்தக் கட்டங்கள் அகப்படவில்லை என்று கையை விரித்துவிட்டார். வேறு யாராக இருந்தாலும் பழகிக்கொள் என்று சொல்லியிருப்பார்கள். அத்தான் வண்டியில் திரும்பி வரும்போதே முடிவு செய்துவிட்டார். அவர்கள் எழுதுகிறபடியே எழுதட்டும், பிரிக்கிற பாட்டை நாம் படுவோம் என்றார். ஒரு பதிவு எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல ஒரு விதி வேண்டும். தேதியை வைத்துப் பிரிக்கலாம் என்றால், பெரியவர் தேதி போடுவதே அபூர்வம். பாய் ஒரே பதிவுக்குள் போன மாதத் தேதிகளையும் எழுதுவார். வெற்று வரியை வைத்துப் பிரிக்கலாம் என்றால், பெரியவர் தீயைப் பார்த்துவிட்டு வர எழுந்துபோகும்போதெல்லாம் நாலு வரி தள்ளிவிட்டுப் போவார். அப்படித் திணறிக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சுழி அவர் கண்ணில் பட்டது. பெரியவர் எதை எழுதினாலும் முதல் வரியில் ‘உ’ போட்டுத்தான் தொடங்குவார். பாய் 786 போட்டுத் தொடங்குவார். நோட்டில் எழுதிய காலத்துப் பழக்கம், கம்ப்யூட்டருக்கும் கூடவே வந்துவிட்டது. விதி ஒரே வரியில் முடிந்தது: ‘உ’ அல்லது 786 மட்டும் தனியாக நிற்கிற வரி வந்தால் அங்கே புதுப் பதிவு, அடுத்த குறி வரும்வரை உள்ளது எல்லாம் அதற்குள் அடக்கம்.

ஆலை மாதிரிக்குக் கொடுத்த பழைய கோப்பை அந்த விதிக்குள் விட்டார். பலாச்சுளை போலக் கழன்று கழன்று வந்தன பதிவுகள். ஒன்றுகூடப் பிசகவில்லை. இதை அந்த இரண்டு பேரிடமும் சொல்ல வேண்டாமா என்று நான் கேட்டேன். சொன்னால் அதற்காகவே எழுத ஆரம்பிப்பார்கள், இயல்பு போய்விடும், சொல்லாமல் இருப்பதுதான் மரியாதை என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மேனேஜர் போனில் ஒவ்வொரு பதிவிலும் குறிக்கு அடுத்த முதல் வரி மட்டும் தெரியும். ‘ஸ்டீம் சரி, தண்ணி சரி, உமி இருக்கு’ என்று பெரியவரின் வரிகள் வரிசையாக நிற்கும். வேண்டுமென்றால் தொட்டுத் திறந்து முழுவதையும் படிக்கலாம். முதலாளிக்குத் தாங்க முடியாத சந்தோஷம். ஆயுத பூசைக்கு எங்களை அழைத்து அத்தானுக்குச் சால்வை போர்த்தினார். பாய்லர் நெற்றியில் சந்தனம் தடவிக்கொண்டிருந்த பெரியவர் அதே கையால் அத்தானுக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டார். மேனேஜர் அன்றைக்கே எல்லாருக்கும் உத்தரவு போட்டார்: இனிமேல் போனில் கூப்பிட்டுப் புலம்பக் கூடாது, எதுவானாலும் எழுத வேண்டும், எழுதாதது நடக்காதது.

அடுத்த குறுவை அறுவடையின்போது மழை பிடித்துக்கொண்டது. ஈர நெல் ஆலை முற்றத்தில் மலையாகக் குவிந்து, முளை விடுவதற்குள் அவித்தாக வேண்டும் என்று இரவு பகலாகப் பாய்லர் எரிந்தது. ஒரு பிற்பகல் அது வெடித்தது. நான் அப்போது குடவாசலில் ஓர் உரக்கடையில் உட்கார்ந்து பில் போடுகிற முறையைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கடைக்காரரின் போனுக்கு வந்த படத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். ஆலைச் சுவர் இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. பெரியவர் போய்விட்டார். ஊறல் தொட்டி அருகே நெல் அள்ளிக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் போய்விட்டார்கள். மூன்று பேரும் ஒரே தெரு.

அழுத்தம் மிஞ்சினால் தானாகத் திறந்து நீராவியை வெளியே விடுகிற வால்வு ஒன்று பாய்லரில் உண்டு. அது இறுகிக்கிடந்திருக்கிறது. அதை ஓட்டுகிறவர் கவனிக்கவில்லை, கவனித்திருந்தால் எழுதியிருப்பார், ஒரு பதிவும் இல்லை என்று ஆலை சொல்லிவிட்டது. மேனேஜர் தன் போனையே எடுத்துக் காட்டினார். கடைசி நாள்வரை ‘ஸ்டீம் சரி, தண்ணி சரி’ என்றுதான் இருந்தது. செத்தவர் எழுந்து வந்து பதில் சொல்ல முடியாது என்பது பழி போடுகிறவர்களுக்கு எப்போதுமே வசதி. தெரு அதை நம்பியது. அந்த இரண்டு பெண்களுக்கும் தெரு முனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்தார்கள். பெரியவருக்கு அவர் வீட்டார் வைத்த பேனரில் முகத்தின் மேல் யாரோ சாணியை அடித்திருந்தார்கள். எதிர்வீட்டுக்காரர்கள்கூடச் சாவுக்கு வரவில்லை. பாடை தூக்க நாலு பேரைச் சேர்ப்பதற்கே பாய்தான் அலைந்தார் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் பெரியவரின் மகள் எங்கள் ஆபீசுக்கு வந்தாள். தஞ்சாவூரிலேயே நர்சிங் படித்துக்கொண்டிருந்த பெண். அழவில்லை. அப்பா அந்த வால்வைப் பற்றி மேனேஜரிடம் வாயால் சொன்னார், மேனேஜர் எழுதச் சொல்லிவிட்டார், எழுதிவிட்டேன் வந்துவிடுவார்கள் என்று அப்பா வீட்டில் சொன்னார் என்றாள். எழுதியதைக் காட்டுங்கள் என்று கேட்டாள். அத்தான் பதிவுகளின் வரிசையைத் திறந்து அவளுக்குக் காட்டினார். வரி வரியாக எல்லாம் சரி, சரி, சரி. அவள் பொறுமையாகக் கடைசிவரை பார்த்தாள்.

“இதெல்லாம் சுழி போட்டு எழுதுனது சார்” என்றாள். “கெட்ட சேதிக்கு அப்பா சுழி போட மாட்டாங்க.”

அவள் அதை ஒரு சாதாரண விவரமாகத்தான் சொன்னாள். அத்தான் முகம் வெளிறிப்போனதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அவருக்குத் தெரியாத வழக்கமா அது? அவருடைய அப்பா இறந்தபோது கருமாதிப் பத்திரிகைக்கு அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவரே அவர்தான். பழக்கத்தில் அச்சகத்தார் மேலே போட்டிருந்த சுழியை எடுக்கச் சொல்லிவிட்டு வந்தவர். கல்யாணத்துக்குப் போடுவோம், சாவுக்குப் போட மாட்டோம். சோறு தின்கிற கையைப் போல நமக்குத் தெரிந்த விஷயம். விதி எழுதும்போது அதில் பாதிதான் அவர் நினைவுக்கு வந்திருக்கிறது. மாதிரிக்குக் கொடுத்த கோப்பில் கெட்ட சேதி ஒன்றும் இல்லாததால் மீதிப் பாதியை ஞாபகப்படுத்தவும் ஆள் இல்லை.

எங்கள் கம்ப்யூட்டருக்கு வந்து சேர்ந்திருந்த, பிரிக்காத மூலக் கோப்பைத் திறந்தார். எல்லாம் அதிலேயே கிடந்தது. ‘ஸ்டீம் சரி, தண்ணி சரி’ என்று சுழி போட்டு எழுதிய பதிவுக்குக் கீழே, நாலைந்து வரி தள்ளி, சுழி இல்லாமல்: ‘சேப்டி வால்வு தானாகத் தூக்கவில்லை. தட்டித்தான் தூக்கியது. ஃபிட்டரை அனுப்பவும். தீயைக் குறைத்து ஓட்டுகிறேன்.’ இரண்டு நாள் கழித்து, இன்னொரு நல்ல பதிவின் வாலில், அதே சேதி மறுபடியும். கடைசியாக ஒன்று: ‘இன்றும் தூக்கவில்லை. யாரும் வரவில்லை. பார்க்கிறீர்களா இல்லையா தெரியவில்லை.’ குறி இல்லாததால் எங்கள் விதி அவற்றைத் தனிப் பதிவு என்றே எண்ணவில்லை. மேலே இருந்த நல்ல சேதியோடு ஒட்டிவிட்டது. மேனேஜரும் முதல் வரியைப் பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்று போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்தப் பெண் கடைசி வரியை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தாள். பிறகுதான் அழுதாள்.

எங்கள் கம்பெனி முதலாளி அத்தானைத் தனியாகக் கூப்பிட்டு, மூலக் கோப்பை யாரும் கேட்கவில்லை, கேட்காததைக் கொண்டுபோய் நீட்ட வேண்டாம் என்றார். வீட்டுக் கடன் இருந்தது, அக்காவுக்கு அப்போது ஏழு மாதம். நானும்தான் தயங்கினேன். சாப்பாட்டுத் தட்டை வெறித்துக்கொண்டிருந்த அத்தானைப் பார்த்து அக்கா, “சொல்லாம இருந்தா உங்களால சோறு திங்க முடியாது. போய்ச் சொல்லிட்டு வந்துடுங்க” என்றாள். எங்கள் குடும்பத்தில் தைரியம் அவள் ஒருத்திக்குத்தான் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது.

விசாரணை அதிகாரியிடம் அத்தான் எல்லாவற்றையும் சொன்னார். மூலக் கோப்பைக் கொடுத்தார், விதியை விளக்கினார், தவறு தன்னுடையது என்று கையெழுத்துப் போட்டார். முறை மாறும்போதெல்லாம் பெரியவர் அந்த வால்வைப் பற்றித் தன்னிடமும் சொன்னார் என்று பாயும் சாட்சி சொன்னார். அன்று மாலையே அத்தானுக்கு வேலை போய்விட்டது. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது, மாதங்கள் கழித்து வந்த அறிக்கை. பாய்லரை ஓட்டியவர் குறைபாட்டைப் பதிவு தொடங்கும் குறியிட்டு முறைப்படி தெரிவிக்கவில்லை என்று அதில் ஒரு வரி. அவருக்குச் சொல்லப்படாத ஒரு முறை. வேண்டாம், சொல்லாமல் இருப்பதுதான் மரியாதை என்று அத்தானே மூடி வைத்த முறை. அதைத் தூக்கி அதே மனிதரின் பிணத்தின் மேல் போட்டுவிட்டார்கள். மேனேஜரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இறுகிய வால்வை மாற்றாத முதலாளியைப் பற்றி அரை வார்த்தை. படித்தபோது எனக்கு வந்த கெட்ட வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

பெரியவரின் மகளிடம் அறிக்கையைக் கொடுக்கப் போனோம். அவள் அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தாள். அதிகாரி என்ன எழுதினாலும் போகட்டும், அப்பா எழுதியது எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது சார், எங்கம்மாவைத் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க விடுவதில்லை என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தான் என்னை வண்டியை எடுக்கச் சொன்னார்.

தெருக்குழாய் அருகே நின்று அவர் பேசினார். யாரோ பிளாஸ்டிக் நாற்காலி கொண்டு வந்து போட்டார்கள், உட்காரவில்லை. குரலை உயர்த்தத் தெரியாத மனிதர் என்பதால் ஜனங்கள் நெருங்கி வந்து நின்று கேட்டார்கள். “எந்த எடத்துல புதுச் சேதி ஆரம்பிக்குதுன்னு கம்ப்யூட்டருக்கு ஒரு அடையாளம் சொல்லணும்ங்க. நான் சுழியைச் சொல்லி வச்சேன். பெரியவரு கெட்ட சேதிக்குச் சுழி போடல. அதனால அவரு எழுதுனது மேல இருந்த நல்ல சேதியோட ஒட்டிக்கிச்சு, யாரு கண்ணுலயும் படல. அவரு எழுதுனாருங்க. ஒரு தடவை இல்ல, மறுபடி மறுபடி எழுதுனாரு” என்றார். பிறகு அந்த மூன்று பதிவுகளையும் படித்தார். ‘பார்க்கிறீர்களா இல்லையா தெரியவில்லை’ என்ற கடைசி வரியை இரண்டு முறை படித்தார்.

செத்துப்போன பெண்களில் இளையவளின் புருஷன் முன்னால் வந்தார். லாரியில் மூட்டை ஏற்றுகிற ஆள். “அப்ப நீங்க எழுதுன ஒத்த வரியாலயா எம் பொண்டாட்டி செத்தா?” என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. இல்லை என்று கத்த வேண்டும்போல எனக்கு இருந்தது. வால்வை மாற்றாதவன் இருக்கிறான், வாயால் சொன்னதைக் கேட்காதவன் இருக்கிறான், ஈர நெல்லுக்குப் பயந்து பாய்லரை நிறுத்தவிடாதவன் இருக்கிறான், இவர் மட்டும்தானா கிடைத்தார் என்று. அத்தான் அவரை நேராகப் பார்த்து, “ஆமாங்க” என்றார்.

அந்த மனிதர் இன்னும் ஓர் எட்டு நெருங்கி வந்தார். கை ஓங்கப்போகிறார் என்று நினைத்து நான் ஓர் அடி முன்னே வைத்தேன். அவர் திரும்பிப் பெரியவர் வீட்டை நோக்கி நடந்தார். பின்னாலேயே எதிர்வீட்டுப் பெண்கள், அப்புறம் தெருவே போனது. பெரியவர் செத்து மாதங்கள் ஆகி, அன்றைக்குத்தான் அந்த வீட்டில் எழவு விழுந்ததுபோலப் பெண்கள் பெரியவரின் மனைவியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். நானும் அத்தானும் குழாயடியில் தனியாக நின்றோம். ஒரு வாய்த் தண்ணீர் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. அது அவர்கள் குற்றம் இல்லை.

கிளம்பும்போது பெரியவரின் மனைவி வாசலுக்கு வந்தார். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. “நீங்க நல்லவங்கதான் தம்பி. அவரு பேரை மீட்டுக் குடுத்துட்டீங்க. ஆனா இனிமே எங்க வீட்டுப் பக்கம் வராதீங்க. பாத்தா எனக்கு வயிறு எரியுது” என்றார். அத்தான் சரியென்று தலையை ஆட்டினார். வழியெல்லாம் வண்டியின் பின்னால் ஆள் இருப்பதே எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அத்தான் ஒரு வரி புரோகிராம்கூட எழுதவில்லை. இப்போது பேராவூரணியில் ஒரு தேங்காய் மண்டியில் லோடு அனுப்புகிற வேலை. அக்காவும் பையனும் அவரோடு அங்கேதான். நான் வேறொரு கம்பெனியில் அதே பிழைப்பில் இருக்கிறேன். இப்போதெல்லாம் இயந்திரங்களே நேரம் போட்டுத் தம் பதிவுகளைத் தாமே எழுதிக்கொள்கின்றன, பிரிப்பது சுலபம். ஆனாலும் எந்தக் குறிக்கும் பொருந்தாத வரிகள் எங்கே போய் விழுகின்றன என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை. உடன் வேலை செய்யும் பையன்கள் இதென்ன கிறுக்கு என்று சிரிப்பார்கள், நானும் விளக்குவதில்லை.

போன மாதம் பெரியவரின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி எனக்குப் பத்திரிகை வந்தது. அவள் இப்போது தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்கேயாவது பார்த்தால் நின்று பேசுவாள். பொங்கலுக்குக் கரும்பு வாங்க வந்த அத்தான் என் வீட்டு மேசையில் கிடந்த அந்தப் பத்திரிகையை எடுத்துப் பார்த்தார். உறையில் என் பெயர் மட்டும் இருந்ததைக் கவனித்தார். உள்ளே பெண்ணின் அப்பா பெயரை அமரர் என்று போட்டுப் பெரிதாக அச்சடித்திருந்தார்கள். கீழே, தங்கள் வருகையை விரும்பும் என்று போட்டிருந்த பெயர்களின் வரிசையில் அந்த மூட்டை தூக்குகிற மனிதரின் பெயரும் இருந்தது. அத்தான் அந்தப் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“நீ போயிட்டு வா மாப்ள” என்றார். “எம் பேருல மொய் மட்டும் எழுதிடாத.”